பதினாலாம் நம்பர் கம்பம்

சாலையில் வெள்ளைக் கோடு போடுகிறவருடைய முகத்தை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்திருப்பீர்கள், அவ்வளவுதான். நான் சொல்லப்போகிற மனிதரும் அப்படி இருபத்திரண்டு வருஷமாக ஹாரன் சத்தம் கேட்டே காது மரத்துப்போனவர். எல்லோரும் அவரை நூல்காரர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நூல்காரர் என்று பெயர் வந்தது அவர் வேலையால். சாலையின் இரண்டு முனையிலும் ஆணி அடித்து, சுண்ணாம்புப் பொடி தேய்த்த நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் இரண்டு விரலால் தூக்கிச் சுண்டிவிடுவார். தாரின் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தடம் விழும். அந்தத் தடத்தின் மேல்தான் பாய்லர் வண்டி சூடான வெள்ளைக் குழம்பை இழுத்துக்கொண்டே போகும். குழம்பு ஆறுவதற்குள் சர்க்கரை மாதிரி நைசான கண்ணாடித் துகளைத் தூவ வேண்டும். வண்டி விளக்கு பட்டதும் கோடு மின்னுகிறதே, அது அந்தத் துகளின் உபயம்.

"என் சர்வீஸ்ல கோணலா ஒரே ஒரு கோடு காட்டுங்க, வேலையை விட்டுடறேன்" என்று மார் தட்டிக்கொள்வார். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கும் அவர் மனைவி, "ஊர் ரோட்டுக்கெல்லாம் நேரா வகிடு எடுப்பாரு, தன் தலையில ஒரு நாளும் நேரா எடுத்ததில்ல" என்பாள். அவரும் தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், புறவழிச் சாலையில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற சாலை அது. அகலப்படுத்தினார்கள், தார் மெழுகினார்கள், வண்டி பறக்க ஆரம்பித்தது. நடக்கிறவனுக்கு ஒரு முழம் இடம் விட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டால் தெரியும், சாலை அகலமானதும் எலும்பு வார்டும் அகலமாகிவிட்டது.

ஐந்தே கால் மணி இருக்கும். ஒரு மினி லாரி பேருந்தை முந்துகிறேன் பேர்வழி என்று இடதுபுறம் ஏறி, வரிசையாக வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளை உருட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. நூல்காரர் குனிந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட நேரமில்லை. தூக்கி எறியப்பட்டு சாலையோரம் விழுந்தார். வலது தொடையில் எலும்பு உடைந்து வெளியே தெரிந்தது. இரத்தம் அவர் போட்ட புதுக்கோட்டின் மேலேயே ஓடியது. லாரி நிற்கவில்லை.

கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு என்ன குறைச்சல்? போன் இருந்தவர்கள் படம் பிடித்தார்கள். "தொட்டா கேஸ் ஆயிடும்ப்பா" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். பாய்லர் வண்டி ஓட்டும் கூட்டாளி ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம். எங்கேயோ நெரிசலில் நிற்கிறதாம்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்து ஆயத்த ஆடை ஆலையில் மணி அடித்தது. கதவு திறந்து பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் துணி வெட்டும் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஓர் அம்மாள் உண்டு. கட்டிங் அக்கா என்றால் ஆலை முழுக்கத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு பார்வை பார்த்தாள். "படம் புடிச்சது போதும், தள்ளுங்க" என்றாள். திரும்பி ஆலைக்குள் ஓடி, துணி உருளைகள் ஏற்றும் தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். துணி அளக்கும் நீளமான மரஸ்கேலைக் காலோடு சேர்த்து, பச்சை லைனிங் துணியைக் கிழித்துக் கட்டினாள். ஆலையில் வருஷத்துக்கு ஒரு தடவை முதலுதவி வகுப்பு நடக்குமாம். எல்லோரும் கொட்டாவி விட்டபோது இவள் மட்டும் கேட்டிருக்கிறாள். செக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி துணியைப் பந்தாகச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவேயில்லை.

ஆறு பெண்கள், ஒரு தள்ளுவண்டி, ஒரு கிலோமீட்டர். வண்டியின் ஒரு சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்தியது நூல்காரருக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அப்புறம் ஒரு குரல்.

"கண்ண மூடாதீங்க அண்ணா. என்ன வேலை பாக்கறீங்க?"

"கோடு... கோடு போடறேன்."

"நல்ல கோடு. நேராத்தான் இருக்கு, பாத்தேன். கண்ண மூடாதீங்க."

டாக்டர் மறுநாள் அவர் மனைவியிடம் சொன்னார்: "இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா. கொண்டுவந்தவங்களுக்கு நன்றி சொல்லுங்க." யாரிடம் என்று போய்ச் சொல்வது? பெண்கள் அவரை ஒப்படைத்த கையோடு போய்விட்டார்கள். அந்த வார்டில் பதினெட்டுக் கட்டில். பதினாலு பேர் சாலையில் அடிபட்டவர்கள். மூன்று மாதம் படுத்திருந்த நூல்காரர் எல்லோர் கதையையும் கேட்டார். யாரும் பந்தயம் ஓட்டப் போனவர்கள் இல்லை. பால் வாங்கப் போனவர், பேருந்துக்கு நின்றவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர். அவரைப் போலவே வேலை செய்தபடி அடிபட்டவர் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் நூல்காரருக்கு அந்தப் பத்து நிமிஷம் ஞாபகம் வரும்.

தலைக்கு வந்தது காலோடு போயிற்று. வலது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது, முழங்காலும் மடங்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அழுதாள். வீட்டுக்கு வந்து அவர் நடந்த முதல் நாள், "இனி உங்ககிட்ட கோணல்னு சொல்றதுக்கு உங்க நடை ஒண்ணு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனார். காவலாளி யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்க, "பச்சைத் துணி, தள்ளுவண்டி" என்று உளறினார். காவலாளிக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் அக்கா வந்தாள். நூல்காரர் பேசலாம் என்று வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது.

"அட, ஆளு நடக்கறீங்களே, அது போதும்" என்றாள் அவள். ஆப்பிளை வாங்கி உள்ளே அனுப்பினாள். "நன்றியெல்லாம் இருக்கட்டும் அண்ணா. கோடு போடறவர்னு சொன்னீங்கல்ல? எங்களுக்கு இந்த வாசல்ல ஒரு ஜீப்ரா கிராசிங் போட்டுக் குடுங்க."

"அக்கா, அது..."

"பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். நானூத்தி முப்பது பேரு, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ரெண்டு வருஷத்துல எங்க ஆளுங்க மூணு பேரை இந்த ரோடு எடுத்துக்கிச்சு. உங்களத் தூக்கிட்டுப் போனோமே, அப்ப உங்க காயத்த அழுத்திப் பிடிச்ச பொண்ணு... போன மாசம் அவதான்."

நூல்காரர் ஆலைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் இன்று இல்லை. இவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எங்க போடணும்னு ஆபீஸ் படம் வரும் அக்கா. படத்துல இருந்தாத்தான் போட முடியும். என் கையில இல்ல" என்றார் கடைசியில்.

"ஆமா, உங்க கையில நூல் மட்டுந்தான்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைத் தைத்தது.

(அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை அக்கா என்பார். யார் மூத்தவர் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை.)

அன்றிலிருந்து நூல்காரர் மனு எழுத ஆரம்பித்தார். ஆடை ஆலை வாசலில் கிராசிங் வேண்டும், ஆட்கள் சாகிறார்கள் என்று. இரண்டரை வருஷத்தில் பதினோரு மனு. சின்ன இன்ஜினீயர் வாங்கி வைத்துக்கொள்வார். பெரிய இன்ஜினீயர் வரை போனதா என்று தெரியாது. கோடு போடுகிறவர் எங்கே கோடு போடலாம் என்று சொல்லலாமா? சமையல்காரரிடம் கரண்டி வந்து யோசனை சொல்கிற மாதிரி அல்லவா அது. அப்படித்தான் நினைத்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் படம் வந்தது. புறவழிச் சாலையில் ஒரு ஜீப்ரா கிராசிங். இந்தப் படங்களில் கடை, ஆலை, வாசல் ஒன்றும் இருக்காது. மின்கம்ப நம்பரும் மீட்டர் கணக்கும்தான். 'பதினாலாம் நம்பர் கம்பத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு மீட்டர்' என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி குறைந்த நேரத்தில், நூல்காரரும் கூட்டாளியும் போனார்கள். பதினாலாம் நம்பர் கம்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் அடியில் அளவு நாடாவை வைத்து, வடக்கே இழுத்துக்கொண்டு போனார் நூல்காரர். பன்னிரண்டு மீட்டர் முடிந்த இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், நேர் எதிரே ஆடை ஆலையின் வாசல்.

"பாருய்யா, படிச்சிருக்காங்கய்யா. என் மனுவைப் படிச்சிருக்காங்க" என்றார் கூட்டாளியிடம். முழங்கால் மடக்க முடியாத மனிதர் தரையில் உட்கார்ந்து, ஆணி அடித்து, நூல் கட்டினார். அன்றைக்கு அவர் போட்ட பட்டைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடித் துகளை வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே தூவினார். ஒவ்வொரு பட்டையைப் போடும்போதும் காயத்தை அழுத்திப் பிடித்த அந்தக் கையை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் போய் நின்றார். கட்டிங் அக்கா மரஸ்கேல் நுனியில் சிவப்பு லைனிங் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கோடு போட்டால் மட்டும் வண்டி நின்றுவிடுமா? நிற்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கோட்டின் மேல் நூறு பேர் சேர்ந்து கால் வைத்தால் நின்றுதான் ஆக வேண்டும். வண்டிகள் நின்றன. முதல் அணி அக்கரை சேர்ந்ததும் அடுத்த அணி. ஒருத்தி வந்து, "எங்களுக்காக ஆபீஸோட சண்டை போட்டு வாங்கிக் குடுத்தீங்களாமே அண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நூல்காரருக்கு அன்று இரவுச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது நாள் அந்தச் சந்தோஷம். பத்தாம் நாள் சின்ன இன்ஜினீயர் படத்தோடு வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது? இங்க ஏன் போட்டீங்க? கார் ஷோரூம் எதிர்லல்ல வரணும்?"

"படத்துல உள்ளபடிதான் சார். பதினாலாம் நம்பர்லருந்து பன்னண்டு மீட்டர்."

இருவரும் நாடாவைப் பிடித்தார்கள். பன்னிரண்டு மீட்டர் துல்லியமாக இருந்தது, ஒரு விரல் பிசகவில்லை. பிசகியது கம்பம். போன மழைக்காலத்தில் ஒரு லாரி மோதிப் பதினாலாம் நம்பர் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. மின்வாரியத்துக்காரர்கள் புதுக் கம்பத்தைப் பழைய குழியில் நடாமல், ஐம்பது மீட்டர் தள்ளி, ஆலைப் பக்கம் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம்பர் மட்டும் அதே நம்பர். அலுவலகப் படத்தில் கம்பம் இன்னும் கார் ஷோரூம் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

ஆக, மனுவை யாரும் படிக்கவில்லை. ஷோரூம் எதிரில் சாலை அகலம் என்பதால் அங்கே கிராசிங் படத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே சாலையைக் கடக்க ஒரு காக்காய்கூட இல்லை. அது வேறு விஷயம்.

ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் சறுக்கியதை யார் நம்புகிறார்கள்? பதினோரு மனு கொடுத்த ஆள் அதே வாசலில் தவறுதலாகக் கோடு போட்டான் என்றால் சிரிக்கமாட்டார்களா? வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லி மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மேலிடத்து ஆய்வு இருக்கிறது, படமும் சாலையும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே புதன்கிழமை அந்தக் கிராசிங்கை மெஷின் வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும், சுரண்டுவதும் அவர்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

 வீட்டில் அன்று மனைவிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"வேணும்னுதான் போட்டேன்னு எழுதுங்க. வேலை போனா போகுது. பேராவது நிக்கும்."

"அது பொய்யில்ல?"

"அப்ப தவறுதலாப் போட்டுட்டேன், மன்னிச்சுடுங்கன்னு எழுதுங்க."

"அது உண்மை. எழுதினா என் வேலை தப்பிக்கும். கோடு போயிடும். அந்தப் பொண்ணு கைய எடுக்கவே இல்லையாம் தெரியுமா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்."

மனைவி பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உண்மையை எழுதுங்க. எழுதிட்டு, கீழ ஒரு வரி சேருங்க. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஒரே ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் சுரண்டறேன்னு. பதினோரு மனுவுலயும் நீங்க அவங்களைப் படிக்கத்தான் சொன்னீங்க. ஒரு தடவையாவது வரச் சொல்லிப் பாருங்க."

அப்படியே எழுதினார். படத்தில் உள்ளபடிதான் அளந்தேன், கம்பம் இடம் மாறியது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாதது என் தவறு. கீழே மனைவி சொன்ன வரி.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சுரண்டும் மெஷினை இறக்கி வைத்துவிட்டு நூல்காரர் ஆலை வாசலில் காத்திருந்தார்.  வேலை போய்விடும் என்ற பயமே அவருக்கு இல்லை. இந்தப் பட்டைகளைத் தன் கையாலேயே சுரண்டிவிட்டு நாளைக்கு அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

ஐந்தே காலுக்கு ஜீப் வந்து எதிர்ப்பக்கம், பேருந்து நிறுத்தத்தின் அருகே நின்றது. பெரிய இன்ஜினீயரே இறங்கினார், கூடவே சின்னவர். சாலை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம் பார்த்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நூல்காரரைப் பார்த்ததும் பெரியவர், "ஆள் நடமாட்டம்னா ஷோரூம் பக்கமும்தான் இருக்கும். அங்க கடந்தா என்ன கெட்டுப்போச்சு? ஐம்பது மீட்டர்தானே? நானே காட்டறேன்" என்று சொல்லி, சின்னவரையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் முன்னால் போய் நின்றார். எதிர்ப்பக்கத்தில் அவருடைய ஜீப் தெரிகிறது. கடக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு கால் எடுத்து வைப்பார். ஒரு பேருந்து உறுமிக்கொண்டு வரும். பின்வாங்குவார். அடுத்த கால். இரண்டு பைக். ஏழு நிமிஷம் இப்படியே போயிற்று. ஊருக்கே சாலை போட்ட மனிதர், தான் போட்ட சாலையைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். நூல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. பெண்கள் வந்தார்கள். கட்டிங் அக்கா சிவப்புத் துணி கட்டிய ஸ்கேலோடு கிராசிங் முன்னால் நின்றாள். ஷோரூம் முன்னால் தவித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். யார் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"சார், அங்க நின்னீங்கன்னா நாளைக்குத்தான் வீடு போய்ச் சேருவீங்க. இங்க வாங்க."

பெரியவர் வந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. ஸ்கேலைத் தூக்கினாள். நூறு பேரோடு நூற்றொன்றாவது ஆளாகப் பெரிய இன்ஜினீயர் வெள்ளைப் பட்டையில் கால் வைத்தார். பாதிச் சாலையில் ஒரு மினி லாரி வேகமாக வந்தது. பிரேக் அடித்து, டயர் தேய்ந்து, பட்டைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. அக்கா ஸ்கேலால் லாரியின் மூக்கில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். கடைசி ஆளாக நூல்காரர் காலை இழுத்துக்கொண்டு கடந்தார்.

ஜீப் பக்கத்தில் பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தினமும் இப்படியா?" என்றார்.

"தினமும் ரெண்டு தடவை சார்" என்றாள் அக்கா. "இந்தக் கோடு வந்தப்புறம் ஒருத்திக்கும் அடி படல."

 பெரியவர் சின்னவரிடம், "படத்தை மாத்துங்க. கம்பம் எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். ரெண்டு பக்கமும் வேகத்தடை போடுங்க, போர்டு வைங்க" என்றார். நூல்காரரிடம் திரும்பி, "மெஷினை ஏத்துங்க" என்று மட்டும் சொன்னார். மெமோவைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

நூல்காரர் மெஷினை உடனே ஏற்றவில்லை. அக்காவிடம் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. மெமோ வந்ததிலிருந்து தொண்டையில் சிக்கிய முள்.

"அக்கா, நீங்க எல்லாரும் நினைக்கற மாதிரி இல்ல. நான் சண்டை போட்டு வாங்கல. நன்றிக்கடனுக்கும் போடல. கம்பம் மாறினது தெரியாம, தப்பா போட்டுட்டேன். தப்புலதான் உங்களுக்குக் கிடைச்சுது."

அக்கா கோபப்படுவாள் என்று பயந்தார். அவள் ஸ்கேலில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லா இருக்கே இது. அண்ணா, நீங்க அடிபட்ட அன்னைக்கு மணி என்ன?"

"அஞ்சே கால் இருக்கும்."

"எங்களுக்கு வேலை முடியறது அஞ்சரைக்கு. அன்னைக்கு அஞ்சு இருவதுக்கே பெல் அடிச்சிருச்சு. பத்து நிமிஷம் முன்னாடி. டைம்கீப்பர் பண்ண தப்பு. இல்லைன்னா நாங்க உள்ளதானே இருந்திருப்போம்."

 டாக்டர் சொன்ன அதே பத்து நிமிஷம்.

"அவரு... இன்னும் வேலையில இருக்காரா?"

"இருக்காரு. பாவம், அதுக்கு மெமோ வாங்கினாரு."

அக்காவே கூட்டிக்கொண்டு போனாள். வாசலை ஒட்டிய சின்ன அறை. ஒரு மேசை, சுவரில் வட்டக் கடிகாரம், அதன் கீழே மணியடிக்கும் சிவப்புப் பொத்தான். உள்ளே ஒல்லியான ஒரு மனிதர் பதிவேடுகளை அடுக்கி, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் நொண்டிக்கொண்டு வந்து தன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டதும் பயந்துவிட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

டைம்கீப்பர் மெதுவாக உட்கார்ந்தார். "அன்னைக்குக் காலையில சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தினேங்க. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி வெச்சேன். பஸ்ஸை விட்டுடக்கூடாதுன்னு என் கடிகாரத்தை எப்பவும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வெச்சிருப்பேன். மறந்து தொலைச்சுட்டேன். நானூத்தி முப்பது பேருக்குப் பத்து நிமிஷம். எவ்வளவு உற்பத்தி போச்சு தெரியுமான்னு கிழி கிழின்னு கிழிச்சாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து, மடிப்பு மஞ்சளித்த ஒரு காகிதத்தை எடுத்தார். "பத்து நிமிஷம் முன்கூட்டியே மணி அடித்ததற்கு என்ன காரணம்னு கேட்டிருக்காங்க. கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தேன். ஆனா மனசுக்கு அது பதிலாவே படலைங்க. நாலு வருஷமா உள்ளயே கிடக்கு."

நூல்காரர் அந்தக் காகிதத்தை வாங்கி, மடிப்பை நீவி, மேசையில் விரித்து வைத்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு.

"உங்க பதில் கொஞ்சம் நொண்டிக்கிட்டு வந்ததால லேட்டாயிடுச்சு சார்" என்றார். "மன்னிச்சுக்குங்க."